மிச்சமிருக்கிற மார்க்கு

சாய்ந்தான்குளத்துக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறும் அதுதான்.

வாழைக்காய் வியாபாரி வேலாண்டியின் செவலைப் பசு ஒரு நாள் தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் போனில், "சாயங்காலம் வந்திருதேன். அதுவரைக்கும் மாட்டைக் கண்ணும் கருத்துமா கவனிச்சுக்கிடுங்க" என்றார். வேலாண்டியும், அவர் மனைவியின் அண்ணன் தவசிக்கனியும், பக்கத்து வீட்டு சிவனணைஞ்சான் அண்ணாச்சியும் தொழுவத்தில் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்து மாட்டைக் கவனித்தார்கள். அது தண்ணீருக்கு நாக்கை நீட்டியதைக் கவனித்தார்கள். வயிறு உப்பியதையும் கவனித்தார்கள். எழுந்து போய் வாளியை எடுத்தால் கவனம் சிதறிவிடுமே என்று ஒருவரும் அசையவில்லை. மூன்று பேரும் கவனித்துக்கொண்டிருக்கும்போதே மாடு செத்துப்போயிற்று.

வேலாண்டியின் மகள் பொன்ரேகா அன்றைக்கு அழுத அழுகையைக் கேட்டால் கல்லும் கரையும். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "நான் மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன்" என்றாள். சொன்னதோடு நிற்காமல் பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தொன்று வாங்கிவிட்டாள். ஆனால் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் பத்தோடு முடிந்துவிடும். பிளஸ் ஒன்னுக்கு வெளியூர்தான் போகவேண்டும்.

வேலாண்டிக்கு மகள் என்றால் உயிர். மாட்டைப் பறிகொடுத்த மாதிரி மகள் படிப்பையும் பறிகொடுத்துவிடக்கூடாது என்று அவருக்கு ஒரே பயம். நேராக அவள் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சரிடம் போய் நின்றார்.

"பக்கத்துல ரெண்டு கவர்மென்ட் மேல்நிலைப் பள்ளி இருக்கு" என்றார் டீச்சர். "மேலப்புதூர் ஒண்ணு, கீழக்காடு ஒண்ணு. ஒரு கவர்மென்ட் பள்ளி டீச்சர் இன்னொரு பள்ளியைக் குறைச்சுப் பேசக்கூடாது. நீங்களே ரெண்டையும் எடைபோட்டுப் பாருங்க. பிள்ளைங்க எவ்வளவு மார்க் எடுத்திருக்காங்க, எத்தனை பேர் காலேஜுக்குப் போயிருக்காங்கன்னு கேளுங்க. வெள்ளிக்கிழமை நாலு மணியோட அட்மிஷன் முடியுது, பாத்துக்கிடுங்க."

எடை போடுவதென்றால் வேலாண்டிக்குக் கைவந்த கலை. வியாழக்கிழமை காலையில் வாழைக்காய்த் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். துணைக்குத் தவசிக்கனி. பத்தாம் வகுப்பைப் பற்றி அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு அனுபவம் உள்ளவர் வேறு யாரும் கிடையாது. ஏழு தடவை எழுதியவர். வயதில் மூத்தவர் என்ற முறையில் சிவனணைஞ்சான் அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார்.

மேலப்புதூர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததும்தான் சிக்கல் புரிந்தது. மாடி வைத்த கட்டடம்.

"ஏ வேலாண்டி, இது உன் தராசுத் தட்டுல நிக்காதே" என்றார் அண்ணாச்சி.

"நிக்காதுதான். ஆனா டீச்சர் சொல்லிட்டாவளே!"

தவசிக்கனி வெகுநேரம் யோசித்தார். "மாப்ளே, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சும்மாவா சொன்னாவ? ஒரு செங்கலை எடுத்து எடை போடுவோம். மிச்சத்தைக் கணக்குப் பண்ணிக்கிடலாம்."

மூன்று பேரும் காம்பவுண்டுச் சுவரில் ஒரு செங்கலைப் பிடித்து ஆட்டினார்கள். அசையவில்லை. வேறொன்றை ஆட்டினார்கள். அதுவும் அசையவில்லை. "ஒரு செங்கல் குடுக்க மனசில்லாத பள்ளிக்கூடம்" என்று அண்ணாச்சி சலித்துக்கொண்டார். அதற்குள் சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வெளியே வந்துவிட்டார். தராசைப் பார்த்தார்.

"பழைய பேப்பர்க்காரங்களா? போன வாரமே போட்டாச்சே!"

"இல்லம்மா, பள்ளிக்கூடத்தை எடை போட வந்திருக்கோம். என் மகளைச் சேக்கணும்" என்றார் வேலாண்டி.

அந்த அம்மாள் பெருந்தன்மையானவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, வாசல் போர்டைக் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மார்க் எடுத்த பிள்ளைகளின் படமும் பெயரும் வரிசையாக இருந்தன. "இந்த வருஷம் எங்க பிள்ளை ஒருத்தி அறுநூறுக்கு ஐந்நூத்து எண்பத்தொம்பது எடுத்திருக்கா. தேர்ச்சி தொண்ணூத்தெட்டு சதவீதம். அறுபத்துநாலு பேர் காலேஜுக்குப் போயிட்டாங்க."

அண்ணாச்சி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். கைவிரல் தீர்ந்து கால்விரலுக்குப் போய்த் திரும்பி வந்தார். முகம் வெளிறிவிட்டது. வேலாண்டியைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"கேட்டியாடே? இருந்ததே அறுநூறு. அதுல ஐந்நூத்து எண்பத்தொம்பதை ஒருத்தியே எடுத்துட்டாளாம். மிச்சம் பதினொண்ணுதான் கிடக்கு. உம் மக வந்து எதை எடுப்பா?"

ஆனாலும் வேலாண்டி மனம் கேளாமல் தலைமையாசிரியையிடம் திரும்பி வந்தார். "அம்மா, அந்த அறுபத்துநாலு பேரும் திரும்பி வந்துட்டாங்களா?"

"அவங்க எதுக்கு இங்க திரும்பி வரணும்? போனவங்க போனவங்கதான்" என்று அவர் பெருமையாகச் சிரித்தார்.

பெற்றவர்கள் வயிறு எரிய அறுபத்துநாலு பிள்ளைகளைத் தொலைத்துவிட்டு ஒருத்தர் எப்படிச் சிரிக்கிறார் என்று வேலாண்டிக்கு விளங்கவேயில்லை. அங்கிருந்து வெளியே வரும்போது நூலகத்தை எட்டிப்பார்த்தார்கள். ஒரு புத்தகமாவது உருப்படியாக இருக்கவேண்டுமே! எல்லாம் அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, பிள்ளைகள் கையில் சீரழிந்துகொண்டிருந்தன.

கீழக்காட்டுக்குப் போனதும் மூவருக்கும் மனம் குளிர்ந்தது. சுவரில் கை வைக்கும் முன்பே செங்கல் தானாக வந்து விழுந்தது. மழையில் ஊறிப்போன செங்கல், மூன்றரைக் கிலோ நின்றது. "ஆகா, என்ன கனம்! என்ன தாராளம்!" என்றார் அண்ணாச்சி. நூலகத்தில் புத்தகமெல்லாம் கடையில் வாங்கியபோது கட்டிய சணல்கூட அவிழாமல் புத்தம்புதிதாக இருந்தன.

தலைமையாசிரியர் பாவம், போன மாதம்தான் மாற்றலில் வந்தவர். "மறைக்கறதுக்கு என்ன இருக்கு? முதல் மார்க்கே நானூத்து ரெண்டுதான். தேர்ச்சி முப்பத்தொண்ணு சதவீதம். இனிமேதான் எல்லாத்தையும் சரி பண்ணணும்" என்றார்.

"அப்போ நூத்துத் தொண்ணூத்தெட்டு மார்க்கு யாரும் எடுக்காம அப்படியே கிடக்கு!" என்று அண்ணாச்சி துள்ளினார்.

"காலேஜுக்கு?" என்று வேலாண்டி நடுக்கத்தோடு கேட்டார்.

"மூணு பேர் போனாங்க. மத்தவங்க இங்கேயேதான் சுத்திக்கிட்டு இருக்காங்க. அந்தா டீக்கடையில நிக்கிறானே, நாலு வருஷமா இங்கிலீஷ் எழுதுறான்."

வேலாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பாசமுள்ள பிள்ளைங்க! படிச்ச இடத்தை விட்டுப் போக மனசு வரலை பாருங்க."

தவசிக்கனி இன்னொரு கோணத்தையும் பார்த்தார். "மாப்ளே, மேலப்புதூர்ல பெயிலாகுறது நூத்துக்கு ரெண்டு பேரு. நம்ம பிள்ளை பெயிலானா பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. இங்க அறுபத்தொம்பது பேரு இருக்காங்க. நான் ஏழு தடவை எழுதினவன், தனியா பெயிலாகுற கஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

அதற்கு மேல் பேச்சு எதற்கு? கீழக்காடு என்று முடிவாகிவிட்டது. தீர்மானத்துக்கு அடையாளமாகச் செங்கலையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், மற்ற இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலாண்டி மகளிடம் நல்ல செய்தியைச் சொன்னார். பொன்ரேகாவுக்கு உலகமே இருண்டுவிட்டது. கீழக்காட்டில் இரண்டு வருஷமாக உயிரியலுக்கு வாத்தியாரே கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

"யப்பா, மார்க்குன்னா சட்டியில கிடக்கிற குழம்பாப்பா? ஒருத்தர் எடுத்தா தீர்ந்துபோகுமா?"

"பின்ன? எடுத்தா குறையத்தானளா செய்யும்?" என்றார் தவசிக்கனி.

"உனக்கு நிறைய கிடைக்கட்டும்னுதானே ஊர் ஊரா அலைஞ்சேன்" என்றார் வேலாண்டி. அவர் குரலில் பொய்யே இல்லை. அதனால்தான் பொன்ரேகாவுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு. பதினைந்து வருஷம் இவர்களோடு குடித்தனம் பண்ணியவள், நேர்வழி பிரயோசனப்படாது என்று கண்டுகொண்டாள்.

"மாமா, இறைச்ச கிணறு என்ன செய்யும்?"

"ஊறும்."

"இறைக்காத கிணறு?"

"நாறும்" என்றார் தவசிக்கனி. "இது தெரியாதாக்கும்?"

"அப்போ மார்க்கு?"

வெற்றிலையைக் குதப்பியபடியே அண்ணாச்சி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு திடீரென்று துள்ளி எழுந்தார்.

"ஏ வேலாண்டி! கீழக்காட்டுல பின்பக்கமா போகும்போது ஒரு நாத்தம் அடிச்சுதே, ஞாபகம் இருக்கா?"

"கக்கூஸ் பக்கம்தானே அண்ணாச்சி?"

"கக்கூஸ் நாத்தமில்லடே அது! எடுக்காம வச்சிருந்த நூத்துத் தொண்ணூத்தெட்டு மார்க்கும் அழுகிப் போய்க் கிடக்கு!"

வேலாண்டி தலையில் கைவைத்துக்கொண்டார். அழுகின மார்க்கை மகள் தலையில் கட்டப் பார்த்தோமே என்று பதறினார். "மேலப்புதூர்ல தினம் இறைக்காவ, தினம் ஊறும்! கிளம்புளா, கிளம்பு!"

மூன்றே முக்காலுக்கு மேலப்புதூர் போய்ச் சேர்ந்தார்கள். எழுத்தர் விண்ணப்பத்தை நீட்டினார். "தந்தை பெயரைப் பெரிய எழுத்தில் எழுதவும்" என்று அதில் போட்டிருந்தது. மகள் தடுப்பதற்குள் வேலாண்டி பேனாவை வாங்கித் தன்னால் முடிந்தமட்டும் பெரிதாக எழுதிவிட்டார். "வேலா" என்பதிலேயே காகிதம் முடிந்துவிட்டது. "ண்டி" எழுத்தரின் மேஜைமேல் விழுந்தது.

"இதைவிடப் பெரிசா வேணும்னா சுவத்துலதான் எழுதணும் சார்" என்றார் வேலாண்டி பணிவாக.

பொன்ரேகா இன்னொரு விண்ணப்பம் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதி நீட்டினாள். எழுத்தர் முத்திரை குத்தும்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

இரண்டு வருஷம் ஓடியது. பொன்ரேகா அறுநூறுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கினாள். பள்ளிக்கூட வாசல் போர்டில் அவள் படம் ஏறியது. ஊரே கூடிக் கொண்டாடியது. வேலாண்டி மட்டும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மிச்சம் ஒம்பது மார்க்கை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாளே! பிள்ளை அவசரத்துல மறந்துட்டா. யார் கண்ணுலயாவது பட்டா விட்டுவைப்பானா?"

மறுநாளே மூவரும் மேலப்புதூருக்குப் போய் எழுத்தரைப் பிடித்தார்கள். அவரைச் சுற்றி நாற்பது பேர் நின்றிருந்தார்கள். மேஜையில் "ண்டி" இன்னும் அழியவில்லை. அவர் நிமிராமலே சொன்னார்: "மார்க்குல சந்தேகம்னா மறுகூட்டலுக்குப் போங்க. திங்கக்கிழமை கடைசி நாள்."

வெளியே வந்ததும் தவசிக்கனி தலையாட்டினார். "அப்படிச் சொல்லு! முதல்ல கூட்டினவன் மூலைமுடுக்கு பாக்காம கூட்டியிருக்கான்."

திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் ஆளுக்கொரு விளக்குமாற்றோடு வந்து இறங்கினார்கள். பொன்ரேகா பரீட்சை எழுதிய அறையை மறுபடி கூட்டினார்கள். பெஞ்சுக்கு அடியில் கூட்டினார்கள், கதவிடுக்கில் கூட்டினார்கள், வராந்தா முழுக்கக் கூட்டினார்கள். தலைமையாசிரியை பார்த்துவிட்டு, இப்படியும் நன்றியுள்ள பெற்றோர் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்து மூன்று டீ வரவழைத்தார். கூட்டியதையெல்லாம் அள்ளி வேலாண்டி தராசில் போட்டார். முக்கால் கிலோ நின்றது. ஒன்பது மார்க்குக்குத் தாராளம்.

கால்நடைக் கல்லூரிக் கலந்தாய்வில் பொன்ரேகாவின் முறை வந்தது. அதிகாரி மார்க் பட்டியலைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், புன்னகைத்தார். "உனக்கு இடம் உறுதிம்மா. நல்லாப் படி" என்றார். அவளுக்குச் செவலையின் முகம் நினைவுக்கு வந்தது. தேம்பி அழுதாள்.

மகள் அழுவதைப் பார்த்ததும் வேலாண்டிக்குப் பொறுக்கவில்லை. மார்க்கு பற்றாமல் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, கையிலிருந்த மஞ்சள் பையை அதிகாரியின் மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"ஐயா, ஐந்நூத்துத் தொண்ணூத்தொண்ணு அவ எடுத்தது. மிச்சம் ஒம்பதும் இதுக்குள்ள இருக்கு. கொஞ்சம் தூசியோட கலந்து கிடக்கு, நீங்கதான் புடைச்சு எடுத்துக்கிடணும்."

பின்னாலிருந்து சிவனணைஞ்சான் அண்ணாச்சி முறத்தை நீட்டினார்.