பேச்சித்தாயின் விண்ணப்பம்

சிவசைலம் கல்லிடைக்குறிச்சியில் பேங்க் மேனேஜர். ஞாயிறு தவறாமல் அம்பாசமுத்திரத்தில் ஈஸ்வரவடிவு அம்மாள் நடத்தும் தியானக் கூடத்துக்கு வந்துவிடுவார். அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனுஷர் அங்கே வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிதான்.

அன்று எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன மேனேஜர் சார், முகம் தொங்கிக் கிடக்கு?"

"பேச்சித்தாய்னு ஒருத்தி அப்பளம் போடுறாம்மா. மாவு பிசையற மெஷினுக்குக் கடன் கேட்டிருக்கா. நல்ல கைப்பக்குவம். காட்டுறதுக்குத்தான் ஒரு காகிதமும் கிடையாது. நான் இல்லேன்னுட்டா அவளுக்கு வேற போக்கிடம் இல்லை. நாளைக்கு முடிவு சொல்லணும்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"மாடசாமிக்கு அப்படித்தான் குடுத்தேன். அவன் கடைக்கு நடையா நடந்து, கணக்கு எழுதச் சொல்லிக் குடுத்து, ஆளாக்கி விட்டேன். எதிர்த்தாப்புல புதுசா வந்த பேங்க்ல வட்டியைக் கொஞ்சம் குறைச்சாங்க, போயிட்டான். அவங்க மூணு வருஷக் கணக்கு இருக்கிறவங்களை மட்டும்தான் சேர்ப்பாங்க. அதுவரைக்கும் வளர்த்துவிட நான் ஒரு இளிச்சவாயனா? ஊர்ல ஒரே பேங்க்கா இருந்தப்போ இந்த வயித்தெரிச்சல் இல்லம்மா."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"இங்க சேரும்போது உங்ககிட்ட நான் என்ன கேட்டேன்?"

"ஒரு மணி நேரம் அசையாம உட்காரத் தெரியுமான்னு கேட்டீங்க."

"தெரிஞ்சிருந்துதே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"பாபநாசத்துப் பெரியவர்." சிவசைலத்தின் குரல் தணிந்தது. "அப்போ எனக்கு ரெண்டு நிமிஷம் உட்கார முடியாது. நாலு மாசம் தினமும் காலையில பக்கத்துல இருந்து, காலை மடக்கி விட்டு, வலிச்சா தேய்ச்சு விட்டு..."

"பிறகு ஏன் இங்க வந்தீங்க?"

"இது வீட்டுக்குப் பக்கம்மா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவர் கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லை. நான் சொல்லிட்டுக் கிளம்பும்போது புதுசா வந்த ஒருத்தருக்குக் காலை மடக்கி விட்டுக்கிட்டு இருந்தார்."

அம்மாள் கூடத்தில் விரித்திருந்த பாய்களைக் காட்டினார்.

"இதுல உட்கார்றவங்க முக்கால்வாசிப் பேர் அங்க இருந்து வந்தவங்கதான். நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் காலை மடக்கி விட்டதில்லை. அவர் சலிச்சுப்போய் நிறுத்தியிருந்தா இந்தப் பாய் எல்லாம் சும்மாதான் கிடக்கும்."

சிவசைலம் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"அப்போ பேச்சித்தாய்க்கு நான் என்னம்மா சொல்லட்டும்?"

"அதைப் போய் என்கிட்ட கேக்குறீங்களே சார்" என்றார் அம்மாள். "இங்க எதிர்த்தாப்புல பேங்க்காரி நான்தானே."