ஜிலுஜிலு ஜீனத் வழக்கு

காசிமேட்டு கேரம் கிளப்பில் டில்லிபாபு வாயைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும். அன்றைக்கு அவன் திறந்ததற்குக் காரணம் இருந்தது. கிளப் ஆண்டு விழாவில் ராப் பாட ஒரே ஓர் இடம். செயலாளர் சூசை அதை நெல்சனுக்குக் கொடுக்கப் பார்த்தார். போன வாரம்தான் அந்த நெல்சன் 'டில்லி ஒரு சில்லி' என்று பாட்டுப் போட்டு இவன் மானத்தைக் கப்பலேற்றியிருந்தான். பதிலுக்கு டில்லி, 'ஜிலுஜிலு ஜீனத்' என்ற பழைய காதல் பாட்டிலிருந்து நாலு செகண்டை வெட்டியெடுத்து, அதன்மேல் நெல்சனைத் திட்டிப் பாட்டுப் போட்டான். நல்ல பாட்டை நாசம் பண்ணிட்டான் என்று ஏரியாவே கொதித்தது.

"ஏரியாவே திட்டுதா? பாட்டைக் கேட்ட அன்னிக்கே நெல்சனோட மீசை தானா உதிர்ந்துச்சுண்ணே!" என்றான் டில்லி, சூசையிடம்.

"காலையில மீசையோடதானே பார்த்தேன்?" என்றான் கேரம் ஆடிக்கொண்டிருந்த இன்பராஜ்.

"அது ஒட்டு மீசை. அத விடு. பாட்டு சூட்டுல கடல் கொதிச்சு, வலையில வந்த வஞ்சிரம் எல்லாம் வறுவலாவே வந்துச்சு."

"மசாலா?"

"அதுங்களே தடவிக்கிச்சு! அப்பால பாட்டுக் கம்பெனி என்மேல கேஸு போட்டான். ஜட்ஜு ஒரு தபா கேட்டாரு. 'டில்லி பாட்டுதான் ஒரிஜினல், ஜீனத்துதான் காப்பி'ன்னுட்டாரு."

"அந்தப் பாட்டு வந்தப்போ நீ பொறக்கவே இல்லியேடா!"

"வக்கீலும் அதையேதான் கேட்டாரு. 'பொறக்காத புள்ளகிட்ட காப்பி அடிச்சது இன்னும் பெரிய குத்தம்'னு ஜட்ஜு மேசையத் தட்டிட்டாரு!"

சூசை சிரிக்கவில்லை. "சரிப்பா, ரெண்டு வரி பாடு. நல்லாருந்தா மேடை உனக்கு."

டில்லிக்கு அதுதான் சிக்கல். பாத்ரூமில் அருவியாய்க் கொட்டும் பாட்டு, நாலு முகத்தைப் பார்த்தால் மறந்துபோகும். இந்த மேடைக்காக ஒரு வருஷமாய் ஏங்கியவன் அவன். ஆனாலும் வாய் தானாக ஓடியது.

"பாடக் கூடாதுண்ணே. நான் பாடினா கடல் ஊருக்குள்ள வந்துரும்னு ஜட்ஜு தடை போட்டுருக்காரு."

"கோர்ட்டு பேச்சை மீறக் கூடாதுப்பா," என்று சூசை நோட்டை எடுத்தார். "நெல்சனே பாடட்டும்."

மேடை போச்சு என்பது டில்லிக்குப் புரிந்தது. காட்டிக்கொள்ளாமல் காலரைத் தூக்கிவிட்டான்.

"பாடட்டும்ணே! அவன் குரலே நான் இரவல் குடுத்ததுதான்."

இன்பராஜ் சிவப்புக் காயைக் குறிபார்த்தபடியே கேட்டான்: "அதான் உனக்கு இல்லாமப் போச்சா?"