நேசையன் மூடிய கடிதம்

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலையில் என் மீசை வலது பக்கம் மட்டும் உதிர்ந்து போகட்டும்.

நாகர்கோவிலில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் தங்கபுஷ்பம் இருந்தாள். வயது முப்பத்தொன்று. மென்பொருள் எழுதுகிறவர்கள் திரைக்கு வேண்டிய பொத்தான், பட்டியல், ஜன்னல் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. அவள் செய்து வைத்த ‘தோரணம்’ என்ற தொகுப்பிலிருந்து சும்மா எடுத்துக்கொள்வார்கள். உலகத்தில் பாதித் திரைகள் அவள் பொத்தானில் ஓடின. மீதிப் பாதி ஓடவே இல்லை.

அவளிடம் சீடராகச் சேர்ந்தவர் நேசையன். வயது அறுபத்திரண்டு. அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளை மூடியே ஓய்வு பெற்றவர்.

தோரணத்தின் நான்காம் பதிப்பில் சில பழைய வசதிகளைத் தங்கபுஷ்பம் எடுத்துவிட்டாள். “திருப்பிக் கொடு” என்று கடிதங்கள் குவிந்தன. பதில் எழுதுவது நேசையன் வேலை. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் கேட்டால் “நீக்கப்பட்டது, திரும்ப வராது” என்று எழுதி, ‘மூடு’ என்ற பொத்தானை அழுத்துவார். அந்த அழுத்தலில் அவருக்கு ஒரு சுகம்.

குளச்சலிலிருந்து சூசைமிக்கேல் என்பவர் மூன்று முறை எழுதினார். “விசைப்பலகையில் எண்ணைத் தட்டினாலே பொத்தான் அழுந்துமே, அந்த எண் விசை வேண்டும். திங்கட்கிழமை எங்கள் கணினிகள் புதிய பதிப்புக்கு மாறுகின்றன. அது இல்லாவிட்டால் ஆலை நிற்கும்.” நேசையன் மூன்று முறையும் மூடினார்.

தங்கபுஷ்பம் பார்த்துவிட்டாள்.

“எதுக்கு வேணுமாம் அண்ணாச்சி?”

“அதை யாரு கேட்டா டீச்சர்? ஒத்தை ஆளு.”

அவள் ஒரு வரி எழுதினாள்: “அதை வைத்து என்ன செய்கிறீர்கள்?”

பதில் சனிக்கிழமை பஸ்ஸில் வந்தது. கடிதம் இல்லை. யானைக்குட்டி அளவு ஓர் ஐஸ்கட்டி. நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். சைக்கிள் கடைப் பூனைக்கு மூன்று நாள் ஜலதோஷம்.

“கட்டிப் பிடிங்க அண்ணாச்சி.”

“எதை?”

“ஐஸை. அஞ்சு நிமிஷம்.”

நேசையன் கட்டிப் பிடித்தார். பல் தந்தியடித்தது.

தங்கபுஷ்பம் ஒரு தொடுதிரையை அவர் முன் வைத்தாள். அதில் சூசைமிக்கேலின் கடிதம். “இப்ப மூடுங்க.”

ஈர விரலால் தொட்டார். திரை கண்டுகொள்ளவில்லை. மறுபடி தொட்டார். வேறெதோ ஜன்னல் திறந்தது. வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டார். வேட்டியும் ஈரம்.

அவள் பழைய பதிப்பு ஓடும் கணினியை நகர்த்தினாள். “ஒண்ணாம் நம்பரைத் தட்டுங்க.”

விரல் மடங்கவில்லை. விரல் முட்டியால் விசைப்பலகையில் இடித்தார். கடிதம் மூடிக்கொண்டது.

நேசையன் அதைத் தானே மறுபடி திறந்தார்.

அன்றே தங்கபுஷ்பம் எழுத உட்கார்ந்தாள். பழையதை அப்படியே திருப்பி வைக்கவில்லை. வேண்டியவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும்படி ஒரு சின்னத் தனித்துண்டு. ஞாயிறு அது குளச்சல் போய்ச் சேர்ந்தது. திங்கள் காலை ஐஸ் ஆலை ஓடியது.

நேசையன் பூரித்துப் போனார். அடுத்த கடிதக் கட்டோடு வந்தார்.

“டீச்சர், பொத்தானைத் தொட்டா மினுமினுக்குமே, அதைத் திருப்பிக் கேக்காங்க. நூத்திப் பன்னிரண்டு பேரு! குடுத்திருவமா?”

“எதுக்காம்?”

இந்தத் தடவை கேட்டு வைத்திருந்தார். “பழகிப்போச்சாம்.”

அவள் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக நன்றி எழுதினாள். வராது என்றும் எழுதினாள்.

நேசையனுக்குப் பொறுக்கவில்லை. “ஒத்தை ஆளுக்கு உண்டு, நூத்திப் பன்னிரண்டு பேருக்கு இல்லையா? எனக்கு ஒரு விதி சொல்லுங்க டீச்சர். எத்தனை பேரு கேட்டா குடுக்கணும்?”

தங்கபுஷ்பம் திரும்பினாள். “கையை நீட்டுங்க.”

நீட்டினார். ஐஸைப் பிடித்து நாளாகியும் விரல் நுனிகள் இன்னும் சிவந்திருந்தன.

“விறைப்பு இருக்கா?”

“கொஞ்சம் இருக்கு.”

“அது போறதுக்குள்ள அடுத்த கடிதத்தைப் படிங்க.”

நேசையன் அடுத்த கடிதத்தை எடுத்தார். படித்தார்.

ஐஸ்கட்டியைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர் யாரென்று கேட்காதீர்கள். இதைச் சொன்னது நான் என்றும் வெளியே விட்டுவிடாதீர்கள். அந்தப் பூனை இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறது.