காராயி தண்ணி

மழை எப்போதோ ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகிற ஒரு சீமை, ரொம்பக் காலத்துக்கு முன்னால் இருந்ததாம். அங்கே நிழலுக்கும்கூட தாகம் எடுக்குமாம். கேளுங்கள் பிள்ளைகளா, அந்தச் சீமையில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தச் சீமையைத் தாண்டிப் போக ஒரே ஒரு பாதை. பாதை ஓரத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் ஒரு தண்ணீர்ப்பந்தல். பந்தலில் உட்கார்ந்திருப்பவள் பெயர் காராயி.

நல்ல கிணறு வெகு தூரத்தில் இருந்தது. விடியக் கருக்கலில் போய் இறைத்துச் சுமந்து வருவாள். அதுவும் கலங்கல் தண்ணீர்தான். பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து ஊற்றி வைப்பாள். வண்டல் எல்லாம் அடியில் படியும். பிறகு துணியில் வடிப்பாள். கடைசியில் தானே ஒரு வாய் குடிப்பாள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் வழிப்போக்கருக்கு.

தேய்ப்பாள், வடிப்பாள், தான் குடிப்பாள். காய்ச்சல் நாளிலும் அப்படித்தான். கல்யாண நாளிலும் அப்படித்தான்.

அந்தச் சீமையில் கெட்ட குட்டைகள் நிறைய. அதனால் யார் தண்ணீர் கொடுத்தாலும், வாயில் வைக்குமுன் "யார் தண்ணி?" என்று கேட்பது அங்கே வழக்கம். "காராயி தண்ணி" என்று சொல்லிவிட்டால் போதும். மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்கள்.

காராயிக்குப் பிள்ளை பிறந்தது. பச்சை உடம்போடு அத்தனை தூரம் நடக்க முடியுமா? அவள் தம்பி சடையன் வந்தான்.

"நீ பேசாமப் படு அக்கா. தண்ணி ஊத்துறது என்ன பெரிய வித்தையா?"

"வித்தை இல்லடா. தேய்க்கணும், வடிக்கணும், நீ ஒரு வாய் குடிக்கணும். மூணாவதை மட்டும் விட்டுடாதே."

"சரி சரி, பிள்ளையைப் பாரு."

கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனான். அப்புறம் கால் வலித்தது. பந்தலுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டை. சுற்றிலும் அரளி மரங்கள். இலையும் காயும் விழுந்து ஊறிக் கிடக்கும். ஆடுகூட அதில் வாய் வைக்காது. சடையன் அதில் மொண்டான். தேய்த்தான். வடித்தான். தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்து நின்றது.

வாய்க்கிட்டே கொண்டுபோனான். என்னவோ போல் வாடை அடித்தது. அவன் குடிக்கவில்லை.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று கீழே வைத்துவிட்டான்.

அன்று உச்சி வெயிலில் உப்பு வண்டிகள் வந்தன. முதல் வண்டியிலிருந்து தங்காயி என்ற உப்புக்காரி இறங்கினாள். இடுப்பில் சின்ன மகள்.

"யார் தண்ணி?"

"எங்க அக்கா தண்ணி. காராயி தண்ணி" என்றான் சடையன்.

குழந்தை ஒரு மடக்குக் குடித்து முகம் சுளித்தது. "அம்மா, கசக்குதும்மா."

"ஆமாடி, அரமனை நாக்கு உனக்கு! காராயி தண்ணிடி இது. சொட்டு விடாமக் குடி."

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். தங்காயி தன் பங்கையும் மகள் வாயிலேயே ஊற்றினாள். சடையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் வாய் திறக்கவில்லை.

பொழுது சாயுமுன் மூன்று பேர் செத்தார்கள். ஒரு கிழவர். ஒரு வண்டிக்காரர். அந்தக் குழந்தை. தன் பங்கைக் குடிக்காததால் தங்காயி பிழைத்துக் கிடந்தாள்.

வண்டிகள் பிணங்களோடு திரும்பி வந்தன. கெட்ட தண்ணீர் கொடுத்தவனைப் பொட்டலில் விட்டுவிடுவது அந்தச் சீமையின் சட்டம். சொட்டு நீர் இல்லாத பொட்டல் அது. போனவர் வந்ததில்லை.

சடையன் வீட்டுக்கு ஓடிவந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டான்.

"கால் வலிச்சுதுன்னு குட்டையில மொண்டுட்டேன் அக்கா, குடிச்சுப் பார்க்கல. அவங்களாவே குட்டையில குடிச்சாங்கன்னு சொல்லிடு. நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. உன் பேரு அப்படி. நான் உன் கூடப் பிறந்தவன் அக்கா!"

காராயி மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

சீமைத் தலைவன் வேப்பமரத்தடியில் வந்து நின்றான். காராயியும் பிள்ளையோடு அங்கே வந்து உட்கார்ந்தாள். சடையனைக் கேட்டான்: "யார் தண்ணி?"

"எனக்குத் தெரியாது சாமி. குட்டையில குடிச்சிருப்பாங்க."

தங்காயியைக் கேட்டான்: "யார் தண்ணி?"

"காராயி தண்ணின்னு சொல்லிக் கொடுத்தாங்க சாமி."

கூட்டம் கொதித்தது. "காராயி தண்ணியா? இருக்கவே இருக்காது! உப்புக்காரி பொய் சொல்றா!" செத்த குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தவள்மேல் யாரோ மண்ணை வாரி எறிந்தார்கள்.

தலைவன் காராயி பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா. நீ சொல்றதுதான் முடிவு. யார் தண்ணி?"

காராயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"என் தண்ணிதான் சாமி. தம்பி குட்டையில மொண்டிருக்கான். குடிச்சுப் பார்க்கல. அவனை என் இடத்துல உக்கார வச்சது நான். அந்தம்மா பொய் சொல்லல."

சடையனைப் பொட்டலுக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தை மூடிக்கொள்ளாமல், அவன் மறைகிற வரைக்கும் நின்றாள். அவன் வரவேயில்லை.

"பந்தலை நான் பிரிக்க மாட்டேன். குடிக்க ஆள் வந்தால் கொடு" என்று சொல்லிவிட்டுத் தலைவன் போனான்.

ஆள் வரவில்லை. நாக்கு வறண்டவர்களும் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். காராயி மட்டும் தினமும் தூரத்துக் கிணற்றுக்குப் போனாள். தேய்த்தாள், வடித்தாள், பாதையைப் பார்த்தபடி தான் ஒரு வாய் குடித்தாள். சாயங்காலம் மிச்சத்தை வேப்பமரத்து வேரில் ஊற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்தப் பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, தானே குடம் தூக்கும் அளவுக்கு வளர்ந்தது. அப்போதும் ஒருவரும் வரவில்லை.

ஒரு கோடையில் உப்பு வண்டி ஒன்று நின்றது. தலை நரைத்த தங்காயி இறங்கி வந்தாள்.

"யார் தண்ணி?"

காராயிக்குத் தன் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு வாய் குடித்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு செம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

தங்காயி அவள் முகத்தையே பார்த்தாள்.

"என் மக உன் பேரைக் குடிச்சுச் செத்தா. நான் உன் பேரைக் குடிக்கல. நீ குடிச்சதைத்தான் குடிக்கிறேன்."

குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறிப் போய்விட்டாள்.

பார்த்திருந்த வண்டிக்காரர்கள் போன ஊரெல்லாம் இதைச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தச் சீமையில் "யார் தண்ணி?" என்று யாரும் கேட்பதில்லை. "நீ குடிச்சியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளா, நல்ல பெயரைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுக் கவலையற்று இருக்கவும் கூடாது, பொய்யைக் காப்பாற்ற அதைச் செலவழிக்கவும் கூடாது, தினமும் நம் நடத்தையால்தான் அதைக் காக்க வேண்டும்.