நாரையிடம் யாரும் கேட்காத கேள்வி

கருமலைக் காட்டின் ஆற்றோரத்தில், ஒரு மருத மரத்தில், இருவாச்சிப் பறவை ஒன்று இருந்தது. விலங்குகள் கொண்டுவரும் செய்திகளைக் கேட்டு மனத்தில் இருத்துவது அதன் வேலை. கோடை தொடங்கியது முதல் கேட்டுக்கொண்டே இருந்ததில் அதற்குக் கழுத்து வலித்தது. அலுப்போ வலியை விஞ்சி நின்றது.

ஏற்பாடு நரியுடையது. காட்டை ஆண்ட முதிய பிடியானை, ஆளுக்கு ஒன்று அறிந்திருந்தும் அது பிறருக்குப் பயன்படவில்லையே என்று வருந்தி, அறிந்தவற்றை ஒன்றுசேர்க்கும்படி நரிக்கு ஆணையிட்டிருந்தது. நரி பெருந்திட்டம் தீட்டியது. எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தப் புற்றில் எவ்வளவு கறையான், காற்று எத்திசையில் வீசுகிறது என யாவற்றையும் திரட்ட வேண்டும். திரட்டி முடித்த பின்னரே வாய் திறக்க வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் தன் பெயர் கெட்டுவிடும் என்பது அதன் கவலை.

முதலில் விலங்குகள் ஆவலோடு வந்தன. சொன்னதற்குப் பலன் ஒன்றும் காணாததால் வரத்துக் குறைந்தது. கரடி முனகிக்கொண்டே வந்தது. குரங்குகள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போயின. மூங்கிலில் மாம்பழம் பழுத்திருப்பதாகக்கூட ஒன்று சொன்னது. நரி அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

ஒரு மாலை, புள்ளிமான் தன் குட்டியோடு மரத்தடிக்கு வந்தது.

"அக்கா, இனி நான் வரமாட்டேன்."

"ஏனம்மா?"

"என் மூத்த குட்டியை முதலை இழுத்துப்போன அன்று இங்கே வந்துதான் சொன்னேன். நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். அப்புறம்? நாளைக் காலையில் இவளையும் அதே ஆற்றுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். முதலை எந்தத் துறையில் கிடக்கிறது? உங்களுக்காவது தெரியுமா?"

இருவாச்சிக்குத் தெரியவில்லை. கறையான் கணக்குத் தெரியும். மூங்கில் மாம்பழமும் தெரியும். இது தெரியவில்லை.

அது நரியிடம் பறந்தது. ஆற்றுச் செய்திகளை அடுத்த கோடைக்கு ஒதுக்கியிருப்பதாகவும், வரிசை குலையக்கூடாது என்றும் நரி சொன்னது.

"அடுத்த கோடைக்கு அந்தக் குட்டி இருக்குமா?"

"திட்டம் என்றால் பொறுமை வேண்டும்" என்றது நரி.

வாதாட இருவாச்சிக்குத் தெம்பில்லை. நேரே நாரையிடம் போய்க் கேட்டது. ஒற்றைக்காலில் நின்ற நாரை சிரித்தது.

"முதலை எங்கே ஒதுங்குகிறது என்று தெரியாமல் இந்த ஆற்றில் நின்றால் எனக்குக் கால் மிஞ்சுமா?"

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"நரியார் கேட்டது மீன் கணக்கு. அதைச் சொன்னேன். முதலையைப் பற்றி யார் கேட்டார்கள்?"

இரண்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. விடியலில் நாரை துறைகளைப் பார்த்துவரும்; முதலை கிடக்கும் துறையை இருவாச்சி காட்டுக்குக் கூவிச் சொல்லும். அவ்வளவுதான்.

மறுநாள் மானும் குட்டியும் நாணல் துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தன. "நாணல் துறை வேண்டாம்!" என்று இருவாச்சி கூவியது. மான் சட்டென்று திரும்பிப் பாறைத் துறைக்குப் போனது. நாணலுக்குள் மரக்கட்டைபோல் கிடந்த ஒன்று மெல்ல நீரில் அமிழ்ந்தது. குட்டி பாறைத் துறையில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது.

விடியல்தோறும் கூவல் எழுந்தது. முதலைக்கு இரை சிக்கவில்லை. பிறகு, அழைக்காமலேயே விலங்குகள் மரத்தடியில் கூடின. புலி நடக்கும் தடத்தைத் தான் சொல்வதாகவும், தேன் எங்கே இருக்கிறது என்று தனக்குச் சொல்ல வேண்டும் என்றும் கரடி கேட்டது. குரங்கு தலையைச் சொறிந்தபடி, "அந்த மூங்கில் மாம்பழத்தை எடுத்துவிடுங்கள், அக்கா" என்றது.

நரி யானையிடம் ஓடியது. "என் திட்டம் பலித்துவிட்டது, தாயே! இனி ஒரே வீச்சில் அனைத்தையும் திரட்டிவிடலாம்."

யானை மருத மரத்தடிக்கு வந்து இருவாச்சியை நிமிர்ந்து பார்த்தது. "அடுத்து எது?"

"கரடி கேட்ட தேன் இருக்கும் இடம். அது முடிந்தபின் வேறொன்று" என்றது இருவாச்சி. அதன் அலுப்புத் தீரவில்லை. ஆனால் விடியலில் கூவ வேண்டியிருந்தது. எனவே உறங்கப் போயிற்று.

எல்லாம் அறிந்த பிறகே பயன் தருவேன் என்னும் பெருந்திட்டத்தை யாரும் நம்பார்; இன்றைய தாகத்துக்கு வழிகாட்டும் ஒரு சிறு பதிலே ஊராரின் அறிவையும் நம்பிக்கையையும் கொண்டுவந்து சேர்க்கும்.