மன்னர் இலையில் விலைப்பட்டியல்

முன்னொரு காலத்தில், பணம் என்றாலே வெள்ளி என்று மக்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாட்டைச் செண்பகவர்மர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். வேண்டுமென்று யாரையும் துன்புறுத்த மாட்டார். ஆனால் ஓர் ஆசை மனத்தில் புகுந்துவிட்டால், அது நிறைவேறும்வரை வேறு எதுவும் அவர் காதில் விழாது.

அந்த ஆண்டு புகுந்த ஆசை ஒரு நீராழி மண்டபம். ஏரியின் நடுவே கட்ட வேண்டும். நூறு தூண்கள் நிற்க வேண்டும். தூண் ஒவ்வொன்றுக்கும் வெள்ளித் தகடு போர்த்த வேண்டும். முப்பது தூண்கள் முடிவதற்குள் கருவூலம் வற்றிப்போயிற்று.

“அதைப் பற்றித் தங்களுக்குக் கவலை வேண்டாம், அரசே! நாணயச்சாலையில் ஒரு சிறிய ஏற்பாடு செய்துகொள்கிறேன்” என்றார் வச்சிரபாகு. அங்காடியும் நாணயச்சாலையும் அவர் பொறுப்பில் இருந்தன. என்ன ஏற்பாடு என்று மன்னர் கேட்கவில்லை. தூண்கள் வளர்ந்தன.

கூடவே விலையும் வளர்ந்தது. போன வாரம் வாங்கிய விலைக்கு இந்த வாரம் துவரை கிடைக்கவில்லை. ஒரு படி எண்ணெய் வாங்கியவர்கள் அரைப்படி வாங்கினார்கள்; அப்புறம் தாளிப்பதையே விட்டார்கள். கோட்டைக் காவலர்களின் சம்பளம் மாதத்தில் பதினெட்டு நாளைக்குத்தான் வந்தது. மிச்சப் பன்னிரண்டு நாளும் அவர்கள் இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காவல் நின்றார்கள்.

ஒரு நாள் மன்னர் யானைமேல் உலா வந்தார். வழக்கமாக எழும் வாழ்த்தொலி எழவில்லை. அரண்மனைக்குத் திரும்பியதும் காரணம் கேட்டார்.

“விலை ஏறிவிட்டதாக ஒரு வதந்தி, அரசே” என்று பணிந்தார் வச்சிரபாகு. “மக்கள் வாங்கும் பொருள்கள் பத்தை எடுத்து மாதந்தோறும் விலை குறித்து வருகிறேன். போன ஆண்டு பத்தும் சேர்ந்து நூறு பணம். இப்போது தொண்ணூற்றெட்டு. விலை இறங்கியிருக்கிறது! சில வியாபாரிகள்தான் பேராசையால் கூட்டி விற்கிறார்கள்.”

மன்னர் மகிழ்ந்துபோய் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அன்றே முரசும் அறைந்தார்கள். போன ஆண்டு விலையைவிடக் கூட்டி விற்பவரின் கடை இடிக்கப்படும். குடும்பத்தோடு நாட்டை விட்டுத் துரத்தப்படுவார்.

முதலில் அகப்பட்டவள் தேரடித் தெருவில் அப்பம் சுட்டு விற்கும் மருதாயி. பணத்துக்குப் பத்து அப்பம் விற்றவள் இப்போது ஐந்துதான் கொடுத்தாள். அவளை மாவு ஒட்டிய கையோடு சபைக்கு இழுத்து வந்தார்கள்.

“சாமி, அரிசி வெல்லம் வெறகு எல்லாமே ரெண்டு பங்காயிடுச்சுங்க. பத்து குடுத்தா எம் புள்ளைங்க பட்டினிதாங்க” என்று அழுதாள்.

“பொய்! அரசாங்க ஓலை விலை இறங்கிவிட்டதாகச் சொல்கிறது” என்றார் வச்சிரபாகு.

அப்போது சபையின் கோடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவன் பூவராகன், அரண்மனை விகடன். ஒல்லியான உடம்பு, பெரிய காது, சும்மா இருக்காத நாக்கு. தாங்கள் ஒரு நாழிகை பேசியும் அசையாத மன்னரை இவன் ஒரு வார்த்தையில் சிரிக்கவைக்கிறானே என்று மற்ற அதிகாரிகளுக்கு வயிற்றெரிச்சல். வச்சிரபாகுவுக்கு எல்லாரையும்விட அதிகம்.

“எதற்குச் சிரித்தாய்?” என்று அதட்டினார் மன்னர்.

“மன்னிக்க வேண்டும், பிரபு. அந்த ஓலையை என் அடுக்களைக்கு அனுப்பிவைத்தால் தேவலை. அங்கே விலை இறங்கிய செய்தி இன்னும் வந்து சேரவில்லை.”

வச்சிரபாகு இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னே வந்தார். “அரசே! ஓலை பொய் என்கிறான் இவன். நாளை மாலைக்குள் அதை மெய்ப்பிக்கட்டும். சந்தையிலிருந்து சாட்சி கொண்டுவரக் கூடாது. சாட்சியை விலைக்கு வாங்கலாம். இந்த ஓலையைக் கொண்டே மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் இந்தப் பெண்ணுக்குரிய தண்டனையே இவனுக்கும்!”

பந்தயம் என்றால் மன்னருக்கு உயிர். “அப்படியே ஆகட்டும்” என்றார்.

பூவராகனுக்கு உள்ளூர நடுக்கம்தான். மருதாயியைக் காவலில் வைக்கக் கூட்டிப்போனபோது அவள் திரும்பிப் பார்த்த பார்வை அவனை இன்னும் நடுங்கவைத்தது. ஓலையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தான். மறுபடி படித்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது.

“பிரபு, ஒரே ஒரு வரம். நாளைப் பகலுணவுக்கு மட்டும் அரண்மனை மடைப்பள்ளியை என் பொறுப்பில் விட வேண்டும். இந்த ஓலையில் உள்ள பொருள்களைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன்.”

“மக்கள் உண்பதை நாமும் ஒரு நாள் உண்போமே” என்று மன்னர் உற்சாகமாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பெரிய தலைவாழை இலை விரித்தாயிற்று. மன்னருக்கு நல்ல பசி. எதிரே அதிகாரிகள் நின்றார்கள்.

பூவராகன் வந்து, உப்பு வைக்கும் மூலையில் ஒரு தந்தச் சீப்பை வைத்தான். மன்னர் புருவத்தை உயர்த்தினார். அடுத்து ஒரு சந்தனக் கட்டை விழுந்தது. அதன் பக்கத்தில் ஒரு கவரி விசிறி. ஊறுகாய் இருக்க வேண்டிய இடத்தில் கஸ்தூரிச் சிமிழ். பிறகு பட்டுத் திண்டு, மயில்பீலி, பன்னீர்ச் செம்பு, எச்சில் துப்பும் வெள்ளிப் படிக்கம், பல்லக்குக் குஞ்சம் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. இலையில் இடம் போதாமல் திண்டை மன்னரின் மடியில் வைத்தான். கடைசியில் ஒரு கரண்டிச் சோற்றைப் பக்குவமாகச் சீப்புக்கும் சந்தனத்துக்கும் நடுவே வைத்துவிட்டு, கைகட்டி நின்றான்.

“என்ன இது?”

“ஓலைப்படி பகலுணவு, பிரபு. மக்கள் வாங்கும் பொருள்கள் பத்து. அரிசி ஒன்று, மற்றவை ஒன்பது. ஓர் எழுத்துக்கூட நான் மாற்றவில்லை. சீப்பைக் கடித்துச் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது, பல் ஜாக்கிரதை.”

மன்னர் ஓலையை வாங்கிப் படித்தார். அதில் அரிசியின் விலை இரட்டிப்பாகியிருந்தது. மற்ற ஒன்பதும் சிறிது சிறிதாக இறங்கியிருந்தன. “இவற்றையெல்லாம் யார் வாங்குகிறார்கள்?” என்று கேட்டார்.

“ஒருவரும் வாங்குவதில்லை. அரண்மனைப் பண்டகசாலையில் மட்டுமே உண்டு. அங்கே விலை எழுதுபவரும் வச்சிரபாகுவேதான்.”

அதிகாரிகளிடையே சிரிப்பு எழும்பியது. வச்சிரபாகு சளைக்கவில்லை.

“அரசே, இது விகடம், வாதம் அல்ல. ஒன்பதையும் விட்டுவிடுவோம்; அரிசியையே பார்ப்போம். மூட்டை அரிசி சித்திரையில் மாதம் நான்கு பணம் ஏறியது. ஆடியில் மாதம் இரண்டு. இந்த மாதம் ஒன்றே ஒன்று! விலையேற்றம் குறைந்துவிட்டதல்லவா?”

“குறைந்துவிட்டதா? அப்பாடா!” என்று மன்னர் மூச்சுவிட்டார்.

பூவராகன் உடனே வச்சிரபாகுவின் காலில் விழாத குறையாகக் கும்பிட்டான். “இவ்வளவு எளிதாக விளங்கவைத்தீர்களே, ஐயா! சற்று இப்படி நில்லுங்கள்.”

நான்கு மரக்கால் அரிசியை ஒரு சாக்கில் கட்டி அவர் தலையில் ஏற்றச் சொன்னான். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதன்மேல் இன்னும் இரண்டு மரக்கால் ஏறியது. அவர் கழுத்து உள்ளே இறங்கியது. அப்புறம் இன்னும் ஒரு மரக்கால். முழங்கால்கள் ஆடின, தலைப்பாகை கண்ணை மறைத்தது.

“இப்போது எப்படி இருக்கிறது, ஐயா? முதலில் நான்கு ஏற்றினோம், பிறகு இரண்டு, இப்போது ஒன்றுதான். பாரமேற்றம் குறைந்துவிட்டது. சுகமாக இருக்குமே!”

“இறக்கு! இறக்குடா!” என்று அலறினார் வச்சிரபாகு.

“இறக்குவதா? ஏறுவதுதான் குறைந்துவிட்டதே!”

மன்னர் மடியில் இருந்த திண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“இறக்கிவிடுங்கள்” என்றார். “பூவராகா, நீ வென்றாய். ஆனால் விலை ஏன் ஏறியது? மழை பொய்க்கவில்லை, படையெடுப்பும் இல்லை. அந்தப் பெண்ணை அழைத்து வாருங்கள். நானே கேட்கிறேன்.”

மருதாயி வந்து நின்றாள்.

“பயப்படாதே, அம்மா. பத்து அப்பம் ஏன் ஐந்தாயிற்று?”

“எனக்கு அரமனைக் கணக்கெல்லாம் தெரியாதுங்க சாமி. போன வருசத்துப் பணத்தக் குடுத்தா இன்னைக்கும் பத்துத்தாங்க குடுப்பேன். புதுப் பணத்துக்குத்தான் அஞ்சு.”

“பணத்தில் பழையது புதியது உண்டா?”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பணத்தை எடுத்தாள். ஒன்றைக் கல்தளத்தில் போட்டாள். ‘ணங்’ என்று மணி அடித்தது போலக் கேட்டது. மற்றதைப் போட்டாள். ‘டொக்’ என்றது.

“பாதி செம்புங்க சாமி. அரிசிக் கடைக்காரரு தட்டிப் பாத்துட்டு ரெண்டாக் குடுங்கறாரு. அவருகிட்ட ரெண்டு குடுத்துட்டு நான் ஒண்ணுக்கு எப்படிங்க விக்கறது?”

மன்னர் வச்சிரபாகுவைப் பார்த்தார். “இதுதான் அந்தச் சிறிய ஏற்பாடா?”

“மண்டப வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று தாங்கள்தானே, அரசே...” அவர் குரல் தேய்ந்துபோயிற்று.

பூவராகன்கூட வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய உண்மை மன்னரையே சுடும் உண்மையாயிற்றே. கடைசியில் செண்பகவர்மர் எழுந்து, குனிந்து, இரண்டு பணத்தையும் தாமே பொறுக்கி மருதாயியின் கையில் வைத்தார்.

“நீ விலையை ஏற்றவில்லை, அம்மா. நான்தான் பணத்தை இறக்கிவிட்டேன். என்ன ஏற்பாடு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போ, அடுப்பை மூட்டு. உன் கடை மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.”

மருதாயி கும்பிடக்கூட மறந்து, வாசலை நோக்கி ஓடினாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூண்களின் வெள்ளித் தகடுகள் உரிக்கப்பட்டன. முழு வெள்ளியில் புதுப் பணம் அடித்தார்கள். செம்புப் பணத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு அதை மாற்றிக் கொடுத்தார்கள். விலை ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. முதல் மாதம் ஏறாமல் நின்றது. மறுமாதம் எண்ணெய் இறங்கியது, அடுத்துத் துவரை. ஐப்பசி அடைமழையில் தேரடித் தெரு முழுக்கத் தாளிக்கும் வாசனை வந்தபோது ஊரே மூச்சுவிட்டது. வச்சிரபாகு பதவியிழந்து, ஒரு கோட்டைக் காவலரின் சம்பளத்தில் ஓராண்டு சந்தைத் தெருவில் குடியிருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதைப் பார்க்கவே கூட்டம் கூடியதாம்.

இனி அந்த நாளுக்கே திரும்புவோம்.

“என்ன பரிசு வேண்டும், கேள்!” என்றார் மன்னர்.

பூவராகன் காதைச் சொறிந்தான். “எட்டு ஆட்கள் வேண்டும், பிரபு. உடனே.”

“போருக்கா?”

“வீட்டுக்கு. நான் தோற்றுவிடுவேன் என்று என் மனைவி அலமேலு நிச்சயமாக நம்பினாள். விடிந்ததும் பாய் படுக்கையிலிருந்து ஆட்டுக்கல் வரைக்கும் வண்டியில் ஏற்றிவிட்டாள். பயத்தில் ஒற்றை ஆளாக ஏற்றினாள். இப்போது பயம் போய்விட்டதே, எப்படி இறக்குவாள்? என்னால் சத்தியமாக முடியாது.”

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. எட்டு ஆட்களையும் தம் கைக் காப்பையும் கொடுத்து, முழு வெள்ளியில் அடிக்கப்போகும் முதல் ஆயிரம் பணமும் அவனுக்கே என்றார்.

பூவராகன் முன்னே நடக்க, எட்டுப் பேரும் பின்னே தெருவுக்குள் நுழைந்தார்கள். வண்டியின் உச்சியில், ஊறுகாய் ஜாடியை அணைத்தபடி அலமேலு உட்கார்ந்திருந்தாள். ஆட்களைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

“வந்துட்டீங்களாய்யா? நாங்களே போறோம். யாரும் எங்க சாமானைத் தொடாதீங்க!”

“எறங்கு, அலமு. எங்கேயும் போகலை. இவங்க சாமான் எறக்க வந்திருக்காங்க.”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த காப்பைப் பார்த்தாள். ஜாடியை முதல் ஆளின் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கீழே இறங்கினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்கதவை அகலத் திறந்தாள்.

“அந்த ஆட்டுக்கல் இருந்த எடம் எனக்கு எப்பவுமே பிடிக்கலை. வந்ததுதான் வந்தீங்க, அதைக் கெணத்தடிப் பக்கமா ஜன்னலோரம் போடுங்கப்பா” என்றாள்.