தூக்கப் பொடிக்குச் சாட்சி

தணிகாசலம் முதலாளியோட கம்பெனியில மூலிகை அரைச்சுத் தூக்கப் பொடி பண்ணுவாங்க. ஒருநாள் வியாபாரிங்களைக் கூட்டிட்டு வந்து, "எல்லாம் செடியில இருக்கிற மெலடோனின்கிற தூக்கச் சத்து! வாசனை பட்டாலே தூக்கம் வரும்"னு அளந்துட்டிருந்தார். அங்கே மில்லுல பொடி அரைக்கிற பவுன்ராஜ், மூட்டை மேல சாஞ்சு குறட்டை விட்டுட்டிருந்தான்.

"எந்திரிடா! வேலை நேரத்துல தூக்கமா? இன்னியோட உனக்கு வேலை கிடையாது!"

பவுன்ராஜ் கண்ணைக் கசக்கினான். "காலையில இருந்து இந்தப் பொடியைத்தான் அரைக்கிறேன் முதலாளி. இதுல தூக்கம் வராதுன்னா தப்பு என்மேலதான். அனுப்பிடுங்க."

வியாபாரிங்க முதலாளி மூஞ்சியையே பாத்தாங்க.

"பாத்தீங்களா, சரக்கு எப்படி வேலை செய்யுது!"ன்னு அவன் முதுகைத் தட்டினார் முதலாளி. ஆர்டர் குவிஞ்சுது.

எல்லாரும் போனதும் மெதுவா கேட்டார்: "நெசமாவே பொடியாலதான் தூங்கினியாடா?"

"அட நீங்க வேற! நைட் ஷிப்ட்டு முடிச்சவனை அப்படியே பகல் ஷிப்ட்டுலயும் நிறுத்தினீங்களே, அதைவிடவா ஒரு மருந்து?"